கூரைமேல ஒரு எருமை

வாப்பா, வா. பசியாறிட்டியா? அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். இந்தப் பக்கம் உக்காரு. கையில என்ன காயிதக் கத்தை? கோர்ட்டு கேஸா?

ஓ, வெந்நீர் டேங்கா.

உங்க அம்மா சொன்னுச்சு. புள்ள மூணு வாரமாத் தூங்கலை, ராத்திரி ஒரு மணிக்கும் போன வெச்சுக்கிட்டு முழிச்சிருக்கான்னு. நான் ஏதோ பொண்ணு விசயம்னுதான் நெனச்சேன். கடைசில பாத்தா, செம்பு டேங்கா எவர்சில்வர் டேங்கான்னு பய மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கான். எனக்கு எழுபத்தெட்டு வயசு. நம்ம தாசேக் கெலுகோர் ஊருல தண்ணி இல்லாமத் தவிச்சவனப் பாத்திருக்கேன், வெள்ளம் வந்து தவிச்சவனப் பாத்திருக்கேன். வெந்நீரை எந்தப் பாத்திரத்துல வைக்கணும்னு தவிக்கிறவன இப்பதான் பாக்கறேன்.

சிரிக்காத. கோவமும் படாத. நான் கேக்கறதுக்கு மொதல்ல பதில் சொல்லு. நம்ம ஊருல குழாயத் தொறந்தா வர்ற பச்சத்தண்ணி எத்தன டிகிரி? முழிக்கிற. டேங்கோட சாதகம் பூராத் தெரியும், தண்ணியோட சூடு தெரியாது. ஏறக்குறைய 28 டிகிரி. ஒடம்புக்கு எதமாக் குளிக்க 40 போதும். ஆக, நீ ஏத்தப்போறது 12 டிகிரி. வெள்ளைக்காரன் ஊருல பனிக்காலத்துல குழாயில வர்றது ஐஸுத் தண்ணி. அவனுக்கு வெந்நீர் உசுரு சமாச்சாரம். உனக்கு? 12 டிகிரி சமாச்சாரம்.

கணக்குப் போடுவோமா? 15 லிட்டர் வாளி ஒண்ணு எடு. மூணு லிட்டர் கொதிக்கிற தண்ணிய ஊத்து, மிச்சம் பன்னெண்டு லிட்டருக்குக் குழாயத் தொற. கைய விட்டுப் பாரு, 42 டிகிரி இருக்கும். ஒரு மனுசன் குளிச்சு, முதுகு தேச்சு, பாட்டும் பாடலாம். கரண்டு கால் யூனிட்டு ஆகும், அவ்வளவுதான். நீ காயிதத்துல வட்டம் போட்டு வெச்சிருக்கியே, 100 லிட்டர் டேங்கு, அத 28லேருந்து 60க்கு ஏத்தணும்னா 3.7 யூனிட்டு. வீட்டுல எத்தன பேரு? நீ, உங்க அம்மா, ஞாயித்துக்கிழமை வர்ற தங்கச்சி. அந்தப் பொண்ணும் குளிச்சிட்டுத்தான் வருது.

சரி, சரி. உங்க அம்மாவுக்கு முட்டி வலி. நீ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில ராத்திரி ஷிப்டு முடிச்சு வெடியக்காலம் வர்ற. ஒடம்பு வெந்நீர் கேக்கும். நான் வேணாங்கலை. வயசானவளுக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் வெந்நீர் வேணும்னு எங்க பாட்டிக்கே தெரியும். தோட்டத்து லயத்துல வெந்நீர் எதுல வெப்பாங்க தெரியுமா? மண்ணெண்ணெய் டின்னு. நாலு கேலன் டின்னோட மூடிய வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கம்பி மாட்டுனாக் கைப்பிடி. மூணு கல்லு, கித்தா மரத்து வெறகு. அந்த வெறகு பொகையும் பாரு, கண்ணுல தண்ணி வரும். அந்தத் தகர டின்னு வெந்நீருலதான் உங்க அப்பன் பொறந்தான். அவன யாரும் எந்த உலோகத்துல குளிப்பாட்டுனேன்னு கேட்டதில்ல. நல்லாத்தான் வளந்தான்.

இப்ப விசயத்துக்கு வா. மொதல்ல வந்தவன் யாரு, செம்புக்காரனா? முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டை, கையில ஐபேடு. இந்த வெயில்லயா கழுத்துப்பட்டை? என்ன சொன்னான்? செம்பு எவர்சில்வரவிட 25 மடங்கு சூட்டக் கடத்தும், அதனால தண்ணி சீக்கிரம் சுடும்னானா?

மொத பாதி மெய்யி. பின்பாதி கதை.

நான் சொல்றதக் கேளு. 1975ல நான் சிதம்பரம் கப்பல்ல ஏறி ஊருக்குப் போனேன். கும்பகோணத்துப் பக்கம் அத்தை வீடு. கொல்லைப்பக்கம் ஒரு செப்புப் பாய்லரு நின்னுச்சு. மூணு காலு, தொந்தி போட்ட மாதிரி வயிறு, நட்டநடுவுல மேல வரைக்கும் ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு அடியில கரி, தேங்கா மட்டை. நெருப்பு நடுக்குழாயில எரியும், தண்ணி சுத்தி நிக்கும். ஒரு பக்கம் புனலு, ஒரு பக்கம் மூக்கு. அத்தை ஒரு சொம்பு பச்சத்தண்ணியப் புனல்ல ஊத்தும். உடனே மூக்கு வழியா ஒரு சொம்பு வெந்நீரு தளதளன்னு வாளியில விழும். ஊத்தாம வராது. பச்சத்தண்ணி அடியில போய்ச் சூட்டுத்தண்ணிய மேல தள்ளும். நான் வாயப் பொளந்துட்டேன். நீ இப்ப ஆயிரக்கணக்குல வெள்ளி எண்ணி வாங்கப்போற டேங்கு இருக்கே, அதுக்குள்ளயும் அதே வித்தைதான். கீழ பச்சத்தண்ணி நொழஞ்சாத்தான் மேல சூடு வெளிய வரும். அத்தை வீட்டுல புனலுக்குக் கழுத்துப்பட்டை கட்டலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பாய்லருக்குச் செம்பு வேணும். ஏன்? நெருப்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், நடுவுல தகடு. சூடு தகட்டத் தாண்டித்தான் தண்ணிக்குப் போவணும். அங்க செம்பு ராசா. உன் டேங்குல அடுப்பு எங்க இருக்கு? உள்ளுக்குள்ள, தண்ணிக்கு நடுவுல கம்பியா உக்காந்திருக்கு. தகடு தண்ணியச் சுட வைக்கலை, சும்மாச் சுத்தி நிக்குது. கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கிறவன் மாதிரி. அவன் எவ்வளவு சுறுசுறுப்பா இருந்தா என்ன, தாலி கட்டப்போறது அவனா? சொல்லப்போனா சூட்ட நல்லாக் கடத்துற தகடு சூட்ட வெளியவும் நல்லாக் கடத்தும். அதனாலதான் செம்போ, எவர்சில்வரோ, எதுவா இருந்தாலும் சுத்தி மெத்தை மாதிரி ஃபோம் அடிச்சு அனுப்புறான். வெந்நீரு ராத்திரி முழுக்கச் சூடா இருக்குறது அந்த ஃபோமாலதான். அது எத்தன அங்குலம்னு நீ கேட்டியா? கேக்கலை. அவனும் சொல்லலை.

அடுத்து, செம்புத் தண்ணி மருந்துன்னானா? பாத்தியா, சொல்லியிருப்பான். செம்புக் குடத்துல ராத்திரி தண்ணிய வெச்சாக் கிருமி சாவும், அது வாஸ்தவம். நம்ம பாட்டிமாரு தெரிஞ்சுதான் வெச்சாங்க. அது குடிக்கிற பச்சத்தண்ணிக்கு. நீ குளிக்கிற வெந்நீரையா குடிக்கப்போற? வெந்நீருல செம்பு இன்னும் கூடுதலாவே கரையும். குடிதண்ணியில ஒரு லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் செம்புக்கு மேல போவக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டு வெச்சிருக்கு. மருந்துக்கும் ஒரு அளவு உண்டுலா. வெந்நீர்க் குழாயில கெட்டிலு ரொப்பிக் கோப்பி போடாத, அவ்வளவுதான்.

ஆனா செம்பு மேல எனக்கு ஒரு பாசம் இருக்கு, மறைக்க மாட்டேன். நம்ம பேச்சப் பாரு. செம்புன்னா அந்த உலோகம். செம்புன்னாலே தண்ணி மொள்ளுற ஏனமும். வேற உலோகத்துக்கு அந்தப் பெருமை உண்டா? எவர்சில்வர்ல செஞ்சாலும் சொம்பு சொம்புதான். அத்தை வெள்ளிக்கிழமையானா புளியும் சாம்பலும் வெச்சு அந்தப் பாய்லரத் தேய்க்கும். பச்சப் பாசி மாதிரிப் பூத்துக் கெடந்தது, பத்து நிமிசத்துல கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடும். இங்க நம்ம வீட்டுல அசாம் புளித் துண்டத் தண்ணியில ஊறப்போட்டுத் தேய்ப்போம். கெலுகோர்ங்கறதே அந்த அசாம் மரந்தானே? தாசேக்னா ஏரி. புளிப்புக் காய் மரத்தப் பேருல வெச்சுக்கிட்டிருக்குற ஊருல உக்காந்துக்கிட்டு, செம்ப எது திங்கும்னு போன்ல தேடுற. புளிப்புத்தான் திங்கும். தண்ணி கொஞ்சம் புளிப்பா இருந்தா, அதாவது அமிலமா இருந்தா, செம்பக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். ஒழுகுற குழாய்க்கு அடியில பீங்கான்ல நீலப்பச்சையாக் கறை விழும். அதப் பாத்தீன்னா, செம்பு கரையுதுன்னு அர்த்தம். அதுக்கு லேபு வேணாம், கண்ணு போதும்.

அந்தப் பாய்லரு இப்ப எங்க? அதக் கேளு. அஞ்சாறு வருசம் கழிச்சு அத்தை காயிதம் போட்டுச்சு. பாத்திரக்காரன் தெருவுல வந்தான், பழைய செம்பு பித்தளைக்குப் புது எவர்சில்வர்னு கூவுனான், பாய்லரையும் ரெண்டு தவலையையும் போட்டுட்டு அடுக்குச் சட்டி, டிபன் கேரியரு, பன்னெண்டு தம்ளரு வாங்கிட்டேன், பளபளன்னு இருக்குன்னு. தம்ளரு எடை எவ்வளவு, பாய்லரு எடை எவ்வளவு? தராசுக்காரன் சிரிச்சுக்கிட்டே போயிருப்பான். இன்னிக்கு அத்தையோட பேத்தி சென்னையில இருக்கா. நூறு வெள்ளிக்குச் சமமாக் காசு குடுத்துச் செம்பு பாட்டில் ஒண்ணு வாங்கி, அதுல தண்ணி குடிக்கறதப் படம் புடிச்சு எனக்கு அனுப்புறா. பாட்டி தூக்கிப் போட்டத பேத்தி துண்டு துண்டா வாங்குறா. நீ சொல்லு, இதுல யாரு விவரம்?

ரெண்டாவது வந்தவன் எவர்சில்வர்க்காரன். பேரப் பாரு, எவர் சில்வர். எப்பவும் வெள்ளியாம். அதுல வெள்ளி ஒரு பொட்டுகூடக் கெடையாது. வாங்கப்போனா மட்டும் ஆயிரம் வெள்ளி, ரெண்டாயிரம் வெள்ளி. அது இரும்பு, தம்பி. நம்ம இரும்புதான். நூத்துல 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் கலந்த இரும்பு. அதத்தான் 304ன்னு நம்பரு போட்டுச் சொல்றான். கூட ரெண்டு மூணு பங்கு மாலிப்டினம் போட்டா 316. 1913ல இங்கிலாந்துல ஷெப்பீல்டுங்கிற ஊருல ஹாரி பிரியர்லின்னு ஒருத்தர் துப்பாக்கிக் குழாய் தேயாம இருக்கணும்னு கலந்து பாத்தப்ப, துருப் புடிக்காத உருக்கு கெடைச்சுது. அதுல குரோமியம் காத்தோட சேந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போத்திக்கும். கீறுனா உடனே இன்னொரு தோல் வளரும். அதான் துருப் புடிக்கலை.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குற. தோட்டத்துல பம்பு ரூமு, அப்புறம் பட்டர்வொர்த் பக்கம் பாய்லர் வேலை, 22 வருசம். உன் போனுக்கு எத்தன வயசு?

அந்தத் தோல் எங்க தோக்கும்? தையல்ல. டேங்க எப்படிச் செய்றான்? தகட்டச் சுருட்டி, ரெண்டு பக்கம் மூடி வெச்சுப் பத்த வெக்கிறான். பத்த வெக்கிற எடத்துல சூட்டுல குரோமியம் கலைஞ்சு போகும். நல்ல ஆளு ஆர்கான் வெச்சு உள்ளயும் வெளியையும் காத்துப் படாம ஒட்டி, அப்புறம் ஆசிட்டு போட்டுக் கழுவுவான். சோம்பேறி அப்படியே பெயிண்ட அடிச்சு அனுப்புவான். மூணாவது வருசம் அந்தத் தையல்லேருந்து ஊசி முனை மாதிரி ஒரு சொட்டு. பொறவு அது ஃபோமுக்குள்ள இறங்கி, எங்கயோ ஒரு மூலையில சொட்டும். நீ 304ஆ 316ஆன்னு சண்டை போடுற. டேங்க வெட்டி வெச்ச மாதிரி ஒண்ணு கடையில வெச்சிருப்பான்லா, அதுல தையலத் தடவிப் பாத்தியா? தங்கச்சி பொடவை வாங்கப் போனாக்கூட ஓரத்தத் திருப்பிப் பாக்குது.

உப்பும் அதுக்கு ஆகாது. உப்பு, சூடு ரெண்டும் சேந்தா 304க்கு எமன். என் மச்சான் மவன் சென்னையில போர் தண்ணியில இதே டேங்கு மாட்டி, நாலு வருசத்துல பொத்தல் விழுந்துச்சு. அங்க தண்ணி உப்பு. அதப் போன்ல பாத்துட்டு நீ இங்க பயப்படுற. நம்ம தண்ணி எங்கேருந்து வருது? சுங்கை மூடா. கெடாக் காட்டுல பெய்ஞ்ச மழை ஆறா வந்து, சுங்கை டூவாவுல சுத்தமாகிக் குழாயில வருது. ஆத்துத் தண்ணி, மெல்லிசான தண்ணி. நம்பலையா? உங்க வீட்டுக் கெட்டிலத் தொறந்து உள்ள பாரு. அடியில வெள்ளையாச் சுண்ணாம்புத் தோல் புடிச்சிருக்கா? இருக்காது. சென்னையில பாத்தா விரலு தடிமன் இருக்கும். அந்தக் கெட்டிலு சொல்றத எந்த ஐபேடும் சொல்லாது. இந்தத் தண்ணிக்கு ரெண்டும் தாங்கும், தம்பி. செம்பும் தாங்கும், எவர்சில்வரும் தாங்கும்.

மூணாவது ஒருத்தன் வந்தானா? கண்ணாடிப் பூச்சு டேங்குக்காரன்? அது சாதா இரும்புக்கு உள்பக்கம் பீங்கான் பூசுறது. அதுக்குள்ள மெக்னீசியம் கம்பி ஒண்ணு தொங்கும். பலி ஆடு. துரு வந்தா மொதல்ல என்னத் தின்னுன்னு நிக்கும். நாலு வருசத்துல ஆடு முடிஞ்சிடும், மாத்தணும். எவன் மாத்துறான்? நம்ம ஆளுங்க காரு ஆயிலே மாத்த மாட்டாங்க.

உலோகச் சண்டை நமக்குப் புதுசில்ல, போ. நம்ம பினாங்குத் தைப்பூசத்துலயே பாரு. 1894லேருந்து செட்டியாரோட வெள்ளித் தேரு. 2017ல தங்கத் தேரும் பொறப்பட்டுச்சு. எந்தத் தேருக்கு முன்னால தேங்கா ஒடைக்கறதுன்னு கோப்பிக் கடையில ஒரு மாசம் பேசுனாங்க. வேலு என்னமோ வேலாத்தான் இருந்துச்சு. தண்ணீர்மலை படியும் அதே படிதான், கொறையலை.

உனக்கு இன்னொண்ணு காட்டணும். எழுந்திரு, வாசலுக்கு வா. உங்க வீட்டுக் கூரை தெரியுதா? அந்தக் கறுப்புத் தொட்டி, அதுலேருந்துதானே உங்க குளியலறைக்குத் தண்ணி இறங்குது? தொட்டிக்கும் ஷவருக்கும் எவ்வளவு ஒசரம்? ஒரு ஆளு ஒசரம்தான். அந்த அளவு அழுத்தம்தான் டேங்குக்கு. கொஞ்சூண்டு அழுத்தம். அதுக்குச் செம்புத் தகடு தாராளம். ஆனா நீ ஓட்டல் மாதிரி மழைத் தண்ணி கொட்டணும்னு பம்பு மாட்டப்போறேன்னு உங்க அம்மா சொன்னுச்சு. பம்பு தட்டித் தட்டி ஓடும், தகடு உப்பிச் சுருங்கும். மெல்லிசான செம்பு அதுக்கு அலுத்துப்போகும். அப்ப எவர்சில்வருக்கே போ. இதான் அந்த ரெண்டு பேரும் உன்கிட்டக் கேட்டிருக்க வேண்டிய மொதக் கேள்வி. பம்பு உண்டா, இல்லையா? கேட்டாங்களா? எந்தக் கலரு ஒறை வேணும்னுதானே கேட்டாங்க?

அப்புறம் அந்தச் சூரிய டேங்கு, 300 லிட்டரு, மேலையே படுத்துக்கும்னு ஒரு படம் வெச்சிருக்கியே. 300 லிட்டர் தண்ணின்னா 300 கிலோ. டேங்கு, கண்ணாடிப் பலகை எல்லாம் சேத்தா ஒரு எருமை. கூரைமேல எருமைய ஏத்தி, ராப்பகலா அங்கயே படுக்க வெக்கப்போற. ஓட்டுக்கு அடியில என்ன கட்டை இருக்குன்னு ஏறிப் பாத்தியா? எருமை செம்பு எருமையா எவர்சில்வர் எருமையாங்கறது கட்டைக்கு ஒண்ணுதான்.

உக்காரு. ஒரு கதை சொல்றேன், பேரு சொல்ல மாட்டேன்.

எங்க அப்பா தோட்டத்துல துரை பங்களாவுக்குத் தண்ணிக்காரரு. பங்களாவுக்குப் பின்னால ஒரு செப்பு டேங்கு, ஆளு ஒசரம். அடியில கித்தா வெறகு எரியும். டேங்கு உச்சியிலேருந்து மெல்லிசா ஒரு குழாய் கூரைக்கு மேல வரைக்கும் போவும். காத்துக் குழாய். தண்ணி கூடுதலாச் சுட்டா ஆவி அது வழியாப் போயிடும். அது சும்மாருக்காது, பொழுதன்னிக்கும் புஸ் புஸ்ஸுன்னு சீறும். துரைசானிக்கு மத்தியானத் தூக்கம் கெட்டுதாம். வேலைக்காரப் பையன் ஒருத்தன், புது ஆளு, விசுவாசம் ஜாஸ்தி. கூரைமேல ஏறிக் குழாய் வாயில துணியச் சுருட்டி அடைச்சான். நல்லா இறுக்கி. சீறல் நின்னுச்சு. துரைசானி ரெண்டு வெள்ளி குடுத்தாங்க.

மறுநாளு டேங்க கழுவணும்னு எங்க அப்பா நெருப்ப அணைச்சு, தண்ணி வர்ற வாய மூடிட்டு, அடிக் குழாயத் தொறந்து விட்டாரு. தண்ணி இறங்குது, மேலேருந்து காத்து வரணும்ல? துணி இருக்கே. நானும் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், எட்டு வயசு. டேங்கு மொதல்ல முனகுச்சு. அப்புறம் இடுப்புல ஒரு பள்ளம் விழுந்துச்சு. விழுந்த பள்ளம் டக்குன்னு பெருசாகி, டொம்முன்னு ஒரு சத்தம். பால் டின்ன மிதிச்ச மாதிரி அவ்வளவு பெரிய டேங்கும் உள்ளுக்கு நசுங்கிப் போச்சு. யாரும் தொடலை. காத்துத்தான் மிதிச்சுது. துரை வந்து பாத்துட்டு, செம்பு மட்டமான செம்புன்னு சொல்லி, எங்க அப்பாவுக்கு அரைநாள் சம்பளம் வெட்டுனாரு. துணி இன்னும் குழாயிலதான் இருந்துச்சு.

உன் டேங்குலயும் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும், பித்தளையில சின்னதா, காது வெச்சது. தண்ணி சுடறப்ப அது ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வடிக்கும். வடிக்கணும். வடியுதேன்னு எவனாவது முடுக்கி அடைச்சா, அத மொதல்ல பிரிச்சுவிடு. வருசத்துக்கு ஒருக்கா அந்தக் காதத் தூக்கி விட்டுப் பாரு, தண்ணி பாயணும். பொறவு தண்ணி வெட்டு. 2024 ஜனவரி 10லேருந்து 14 வரைக்கும் சுங்கை டூவாவுல பெரிய வால்வு மாத்துறோம்னு குழாய நிறுத்துனாங்கல்ல? வாளியும் குடமுமா ஊரே லைன்ல நின்னுச்சு. அப்ப டேங்கு சுவிட்சு ஆஃப் பண்ணியிருக்கணும். திரும்பிப் போகாத வால்வு இல்லாட்டி, டேங்குத் தண்ணி வந்த வழியே இறங்கிப்போயிடும். சுடுற கம்பி வெறுங்காத்துல எரியும். கம்பி கருகினதுக்குச் செம்பு என்ன பண்ணும், எவர்சில்வர் என்ன பண்ணும்?

சூட்டையும் ரொம்பக் கொறைச்சு வெக்காத. கரண்டு மிச்சம்னு 40லயே வெச்சுக்கிட்டா, எதமான தண்ணியில உனக்கு முன்னாடியே கிருமி குளிக்கும். 1976ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல பழைய பட்டாளத்துக்காரங்க ஒரு ஓட்டல்ல கூட்டம் போட்டு, காய்ச்சல்ல கொத்துக் கொத்தா விழுந்தாங்க. அதுலதான் லெஜியனெல்லான்னு அந்தக் கிருமியவே கண்டுபிடிச்சாங்க. ஏறக்குறைய 25லேருந்து 45 டிகிரி வரைக்கும் அதுக்குக் கொண்டாட்டம். 60ல நிக்காது. டேங்க 60ல வெச்சுக்கோ, குளிக்கறப்ப பச்சத்தண்ணி கலந்துக்கோ. உங்க அம்மா தோலு மெல்லிசு, கலக்காம விட்டுடாத.

கரண்டு சங்கதி ஒண்ணு பாக்கி. நம்ம பக்கத்து மலாக்கோஃப் கித்தாத் தோட்டத்துப் பேரு இன்னிக்குக் கரண்டு செய்யிற கம்பெனிப் பேராயிடுச்சு, பாத்தியா? ரப்பர் பாலு எடுத்த பேரு இப்ப பல்பு எரிக்குது. அந்தக் கரண்டு ஈரத்துல கால வெச்சா யாரு வீட்டுப் புள்ளன்னு பாக்காது. 1994 மின்சார விதியிலயே இருக்கு, ஈரத் தரைக்கு 10 மில்லி ஆம்பியர் கரண்டு கசிஞ்சாலே விழுற ஈஎல்சிபி சுவிட்சு வேணும்னு. உங்க வீட்டுப் பெட்டியில இருக்கறது 100ஆ, 30ஆ? போயி டெஸ்ட்டுப் பட்டன அமுக்கு. விழலையா? டேங்கு காசுல கொஞ்சத்த எடுத்து மொதல்ல அத மாத்து. கழுத்துப்பட்டைக்காரனுங்க ரெண்டு பேரும் இதச் சொல்லலை. ஏன்னா அத அவனுங்க விக்கலை.

எத வாங்கறதுன்னா கேக்குற? இன்னுமா? பம்பு மாட்டுனா எவர்சில்வர், தையலத் தடவிப் பாத்து. பம்பு இல்லாட்டி செம்பும் நல்லதுதான், என்னிக்காவது ஓட்டை விழுந்தா ஈயப் பத்து வெக்கிற ஆளு பட்டர்வொர்த்துல இன்னும் இருக்கான். செத்துப்போனாலும் செம்பு காசு. பழைய இரும்புக் கடைத் தவுக்கே எடை போட்டு, சிரிச்சுக்கிட்டே எண்ணிக் குடுப்பாரு. ஆனா வெளியில தொங்க விடாத. கேபிளு திருடுறவனுக்கு உன் டேங்கு பொங்கல் சீரு மாதிரி. கியாரண்டி காயிதத்துல பெரிய எழுத்துல பத்து வருசம் இருக்கும், அதப் படிச்சிருப்ப. அடியில எறும்பு ஊர்ற மாதிரி ஒண்ணு இருக்குமே, சுடுற கம்பிக்கு எவ்வளவு, ஆள் கூலி யாருது, கூரைமேல ஏறப்போறது யாருன்னு. அத என் கண்ணாடியப் போட்டுப் படி. இந்தா.

என்ன பேந்தப் பேந்தப் பாக்குற? என் கூரைமேல கெடக்குற கறுப்புக் குழாயா? பாம்பு மாதிரிச் சுருட்டி வெச்சிருக்கேனே, அதா? இருவது மீட்டரு பாலி பைப்பு. தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாய், கம்பத்துக் கடையில வாங்குனது. காலையிலேருந்து தகரத்துல வெயில்ல காயுது. மொதல்ல வர்றதக் கொஞ்ச நேரம் வாழைக்கு விட்டுடுவேன், தேங்குன தண்ணி. அப்புறம் வர்றது வாளியில.

மணி மூணாச்சா? உங்க பாட்டி கூப்புடுறா பாரு. அந்தச் சொம்ப எடு, நான் குளிக்கப் போறேன்.